பனி விழாத ஊரில் புல்லுக்கு எது குளிர்காலம்?

பிரிட்டனிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கும் வாரங்களில் கோல்ஃப் கிளப்களில் ஒரே புலம்பலாக இருக்கும். பந்து வழுக்கிக்கொண்டு உருள வேண்டிய கிரீனை, அதாவது குழி இருக்கும் அந்த வழவழப்பான புல்தரையை, கிளப் ஊழியர்களே இயந்திரம் வைத்துத் துளைத்து, மேலே மணலைக் கொட்டியிருப்பார்கள். வானிலை அருமையாக இருக்கும், ஆட ஆசையாக இருக்கும், தரை முழுக்க ஓட்டையாக இருக்கும். சந்தா கட்டுகிறவர்களுக்குக் கோபம் வராதா? பராமரிப்பாளர் வருடாவருடம் அதே பதிலைச் சொல்வார்: இப்போது துளைக்காவிட்டால் குளிர்காலத்தைத் தாண்டி வருகிற புல் நோஞ்சானாகத்தான் வரும்.

வட சென்னையில் கோல்ஃப் மைதானம் கிடையாது. சென்னையில் கோல்ஃப் என்றாலே தெற்குப் பக்கம்தான், கிண்டியும் நந்தனமும். வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் பந்தைக் காலால்தான் உதைப்பார்கள். அப்புறம் எதற்கு இந்தப் பேச்சு என்றால், விளையாட்டுப் புல்லைப் பற்றி உலகம் தெரிந்துவைத்திருப்பதில் பெரும்பகுதி கோல்ஃப் பணத்தில் வந்தது. நம் பக்கத்துக் கால்பந்து கிரவுண்டுகள் டிசம்பரில் சேறாகவும் ஏப்ரலில் வெடித்த கட்டாந்தரையாகவும் மாறுவதற்கான காரணமும், அதற்கான மருந்தின் பாதியும் அந்த இலையுதிர்கால வேலைக்குள் இருக்கின்றன. ஆனால் அவர்களுடைய காலண்டரை அப்படியே எடுத்துக்கொண்டால் கெடுதல்தான் மிச்சம்.

முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

குளிர்நாட்டு கிரீன்களில் பெரும்பாலும் இருப்பது பென்ட்கிராஸ் என்ற மெல்லிய புல். அதைச் சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்தில், பெரும்பாலான நாட்களில் தினமும் வெட்டுகிறார்கள். சாப்பாடு தயாரிக்கும் இலையை இவ்வளவு ஒட்ட வெட்டிவிட்டால் செடிக்கு எப்போதும் அரைப்பட்டினிதான். அதற்குப் பிடித்த வெப்பம் 15 முதல் 24 டிகிரி வரை. கோடையில் அது திணறும், வேர் குட்டையாகிவிடும். செப்டம்பரில் காற்று குளிர்ந்து, மண்ணில் மட்டும் சூடு மிச்சமிருக்கும் சில வாரங்கள் வரும். வேருக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. அந்த வாரங்களில் துளைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் காயம் மூடிவிடும். நவம்பரில் துளைத்தால் மூடாது, ஏனென்றால் அதற்குள் புல் வளர்வதை நிறுத்திவிடும். குளிருக்கு முன்னால் என்று அவர்கள் சொல்வதைப் புல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும்போதே என்று படித்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விதி மட்டும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

துளை எதற்கு? இரண்டு காரணம். ஒன்று, மிதிபட்டு மிதிபட்டு மண் இறுகிவிடுகிறது. மண்துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் காற்றும் நீரும் இருக்கின்றன. இறுகிய மண் என்பது காலை நேரத்துக் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் மாதிரி, உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு விட இடமில்லை, புதிதாக ஏறவும் வழியில்லை. இரண்டாவது காரணம் தாட்ச். செத்த தண்டும் வேரும் மட்காமல் மண்ணுக்கும் இலைக்கும் நடுவே நார்ப்படலமாகச் சேர்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கொஞ்சம் இருந்தால் நல்லது, மிதியைத் தாங்கும். விரற்கடை அளவைத் தாண்டினால் நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு பூஞ்சைக்கு வீடாகிவிடும்.

அதனால் உள்ளே குழலாக இருக்கும் முட்களை மண்ணில் இறக்கி, விரல் பருமனுக்கு மண்ணைப் பிடுங்கி வெளியே போடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 13 மில்லிமீட்டர் விட்டத்தில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு துளை என்றால், தரையின் மொத்தப் பரப்பில் 5 சதவீதம்தான் எடுக்கப்படுகிறது. பார்க்கக் கொடூரமாக இருந்தாலும் 20இல் 1 பங்கு. ஆண்டுக்கு இரண்டு முறை செய்தால் 10 சதவீதம் மண் மாறுகிறது. துளைக்குள் மணல் போய் நிரம்பும்போது இறுகிய மண்ணுக்கு நடுவே ஆயிரக்கணக்கான மணல் தூண்கள் நிற்கும். காற்றும் நீரும் வேரும் அந்த வழியாக இறங்கும்.

மற்ற வேலைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். வெட்டும் உயரத்தைக் கொஞ்சம் கூட்டுவார்கள், வெயில் குறைந்த நாட்களில் இலைப்பரப்பு கூடுதலாக இருந்தால் மாவுச்சத்து சேமிக்கலாம் என்பதற்காக. தழைச்சத்தை (நைட்ரஜன்) அளந்து குறைப்பார்கள், சாம்பல் சத்து (பொட்டாஷ்) போதுமான அளவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். குளிர் ஏற ஏறச் செடியே தன் வளர்முனையில் இருக்கும் நீரைக் குறைத்து, சர்க்கரையைச் சேர்த்துக்கொள்ளும். அந்த நேரத்தில் யூரியாவைக் கொட்டித் தளதளவென்று வளரவிட்டால் முதல் உறைபனியில் அடிவாங்கும். பனிக்கடியில் மாதக்கணக்கில் கிடக்கும் புல்லைத் தாக்கும் ஸ்னோ மோல்ட் என்ற பூஞ்சைக்கு, பனி விழுவதற்கு முன்பே மருந்தடித்துவிடுவார்கள். பாசனக் குழாய்களுக்குள் கம்ப்ரஸரால் காற்றை அடித்து நீரை வெளியேற்றுவார்கள், ஏனென்றால் நீர் உறைந்தால் 9 சதவீதம் விரிந்து குழாயை உடைத்துவிடும். உதிர்ந்த இலைகளை ஊதித் தள்ளுவார்கள். உறைபனி படிந்த காலையில் யாரையும் கிரீனில் கால்வைக்க விடமாட்டார்கள். இலைக்குள் நீர் உறைந்திருக்கும்போது மிதித்தால் செல்கள் உடைந்து காலடித் தடம் பழுப்பாகத் தெரியும்.

இதில் பாதி நமக்குத் தேவையே இல்லை. மீதிப் பாதி அவர்களைவிட நமக்கு அதிகம் தேவை.

நம்ம ஊர் அருகம்புல்

பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்தான் உலகம் முழுக்க வெப்பநாட்டு மைதானங்களில் பெர்முடா கிராஸ் என்ற பெயரில் விரிக்கப்படுகிறது. அதே இனம். அதையும் ஆப்பிரிக்கப் புல் ஒன்றையும் ஒட்டி, ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஊரில் உருவாக்கிய டிஃப்வே, டிஃப்டுவார்ஃப் போன்ற கலப்பினங்கள் 1960களிலிருந்து உலகம் சுற்றிவருகின்றன. இந்தியக் கோல்ஃப் மைதானங்களிலும் அவை இருக்கின்றன. இவை விதை தராது, தண்டை வெட்டி நட்டுத்தான் பரப்ப வேண்டும். நாட்டு அருகு அதற்கெல்லாம் காத்திருக்காது. மண்ணுக்கு மேலே ஓடுதண்டு, மண்ணுக்கு அடியில் மட்டநிலத்தண்டு என்று இரண்டு வழியிலும் பரவும். ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி’ என்று கல்யாண வீட்டில் வாழ்த்துகிறவர்களுக்குத் தாவரவியல் தெரிந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அருகுக்குப் பிடித்தது 27 முதல் 35 டிகிரி வரை. மண்ணின் சூடு 10 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கினால்தான் அது பழுத்து உறங்கப் போகும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அப்படித்தான் ஆகிறது. அதனால்தான் அங்குள்ள அகஸ்டா நேஷனல் கோல்ஃப் மைதானம் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் உறங்கப்போகும் அருகின் மேல் ரை கிராஸ் விதையைத் தூவுகிறது. ஏப்ரல் மாஸ்டர்ஸ் போட்டியின்போது டிவியில் நாம் பார்க்கும் ஃபேர்வேயின், அதாவது கிரீனை நோக்கிப் போகும் நீண்ட புல்வெளியின் பச்சை, அந்த ரை புல்லின் பச்சை.

சென்னையில் ஜனவரி இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அருகு இங்கே உறங்குவதில்லை. ஆகவே குளிர்காலத் தயாரிப்பு என்ற பெயரில் யாராவது நமக்கு உரமோ விதையோ விற்க வந்தால் கதவைச் சாத்திவிடலாம்.

ஆனால் அருகுக்கு இரண்டு பலவீனம் உண்டு. நிழல் ஆகாது, நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் நேர்வெயில் வேண்டும். வேருக்குக் காற்று வேண்டும். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பறிக்கும் பருவம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. சென்னைக்கு ஆண்டில் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வந்துவிடுகிறது. பகல் குறுகியிருக்கும், வானம் மூடியிருக்கும், மண்ணில் நீர் நிற்கும். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். மண்ணிடைவெளி முழுக்க நீர் நிரம்பிவிட்டால் வேர் மூச்சுத்திணறும். அருகு வெள்ளத்தைத் தாங்கும் புல்தான், சில நாள் மூழ்கினால் சாகாது. ஆனால் வேர் சுருங்கிய நிலையில், ஈரமண்ணின் மேல் இருபத்திரண்டு பேர் ஸ்டட் வைத்த பூட்ஸோடு ஓடினால் இலை கிழிகிறது, மண் பிசைபடுகிறது, இடைவெளிகள் இன்னும் மூடிக்கொள்கின்றன. ஜனவரியில் அது அப்படியே காய்ந்து இறுகிவிடும். கோல் போஸ்ட் முன்னாலும் நடுவட்டத்திலும் வழுக்கை விழுவது இப்படித்தான்.

சுருக்கமாகச் சொன்னால் வட சென்னைப் புல்லின் குளிர்காலம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. கொல்வது குளிரல்ல, மூச்சுத்திணறல்.

இரண்டு வகை மண், இரண்டு கணக்கு

வட சென்னை ஒரே மண் இல்லை. தண்டையார்பேட்டை, ஜார்ஜ் டவுன் என்று கடலை ஒட்டிய பட்டை மணல். உள்ளே தள்ளிப் பெரம்பூர்ப் பக்கம் வந்தால் களிமண். (தெற்கே கிண்டியில் அடியில் பாறை. அங்கே கோல்ஃப் நடத்துகிறவர்களின் தலைவலி வேறு ரகம்.) இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் கொடுக்கும் எந்த அறிவுரையும் ஏதோ ஒரு பக்கத்துக்குத் தவறாகத்தான் போகும்.

களிமண் பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், சிக்கல் அதிகம் அங்கேதான். முழு அளவுக் கால்பந்து மைதானம் 105க்கு 68 மீட்டர், பரப்பு 7,140 சதுர மீட்டர். அதன் மேல் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், நவம்பரில் இது அதிசயமே இல்லை, 7 லட்சத்து 14 ஆயிரம் லிட்டர் நீர் விழுகிறது. 12,000 லிட்டர் தண்ணி லாரியில் கணக்கிட்டால் சுமார் 60 லாரி. மிதிபட்டு இறுகிய களிமண் மணிக்கு 2 மில்லிமீட்டர் உறிஞ்சினால் அதிகம். அந்தக் கணக்கில் ஒரு நாள் மழையை மட்டும் குடித்து முடிக்க 50 மணி நேரம் ஆகும், அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் கிரீன்களுக்குப் பரிந்துரைக்கும் மணல்கலவை மணிக்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர் நீரை இறக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் மணல், அதற்கடியில் 10 சென்டிமீட்டர் சரளை, அதற்கும் கீழே வடிகுழாய் என்ற அந்த அமைப்பை 1960இல் முதலில் வெளியிட்டார்கள். அப்படி ஒரு கால்பந்து மைதானத்தையே இங்கே கட்டுவது பேராசை. ஆனால் துளைத்து மணல் நிரப்புவது அதன் ஏழை வடிவம், கைக்கு எட்டும் வடிவம்.

எவ்வளவு மணல் வேண்டும்? மேலே சொன்ன அதே துளை 10 சென்டிமீட்டர் ஆழம் என்றால், ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டருக்குச் சற்று அதிகம். முழு மைதானத்துக்கும் ஏறத்தாழ 38 கன மீட்டர். நம் கணக்கில் 13 யூனிட் சொச்சம். ஒரு நடுத்தர வீடு கட்டுவதற்கு இறக்கும் மணலைவிடக் குறைவு. அதுவும் முடியாவிட்டால் கோல் ஏரியா இரண்டையும் நடுவட்டத்தையும் மட்டும் செய்யலாம். மிதி அதிகம் விழுவது அங்கேதான், செலவும் சிறு பங்காகிவிடும். இயந்திரம் வாடகைக்குக் கிடைக்காத இடத்தில் நீண்ட முள்ளுள்ள தோட்ட ஃபோர்க்கைக் குத்தி லேசாக அசைத்து எடுப்பதே போதும். மண்ணைப் பிடுங்கி எடுக்கும் அளவுக்குப் பலன் வராது, ஆனால் ஒன்றும் செய்யாததைவிட எவ்வளவோ மேல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. களிமண்ணைக் கொத்திவிட்டு அதில் கொஞ்சம் மணலைக் கலந்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. மணல் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் களிமண் நிரப்பி, முன்பைவிடக் கெட்டியாக்கிவிடும். கலவையில் முக்கால் பங்குக்கு மேல் மணலாக இருந்தால்தான் மணலின் குணம் வரும். துளைக்குள் மணலைத் தனித் தூணாக நிறுத்துவது வேறு, கலப்பது வேறு.

மணலும் எந்த மணல் என்பது முக்கியம். ஆற்று மணல் கிடைப்பதும் வாங்குவதும் கஷ்டம், எல்லோரும் எம்-சாண்டுக்குப் போய்விட்டோம். கட்டுமானத்துக்கான எம்-சாண்டில் கல்தூள் ஓரளவு இருக்கும், கான்கிரீட்டுக்கு அதனால் பாதகமில்லை. புல்தரையில் அந்தத் தூள் துளையின் அடியில் போய் அடைத்துக்கொள்ளும். துகளின் பெரும்பகுதி கால் மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் நடுவே இருக்க வேண்டும், கழுவியிருக்க வேண்டும். கொத்தனார்கள் செய்யும் பாட்டில் சோதனை இதற்கும் போதும். மணலையும் நீரையும் பாட்டிலில் குலுக்கி வைத்து, மேலே படியும் தூள் அடுக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும். கடற்கரை மணலைப் பற்றி நினைக்கவே வேண்டாம், உப்பு.

இவ்வளவும் செய்தும் ஒரு கேள்வி மிஞ்சும். துளை வழியாக இறங்கிய நீர் எங்கே போகும்? சாலை மேல் சாலை போட்டு உயர்ந்ததில் பல கிரவுண்டுகள் தெருவைவிடப் பள்ளமாகிவிட்டன. அப்படிப்பட்ட இடத்தில் ஓட்டைகள் சிறு சிறு கிணறுகள், அவ்வளவுதான். மைதானத்துக்கு நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 1 சதவீதச் சரிவு வேண்டும் என்பது பழைய விதி. 68 மீட்டர் அகலத்தில் நடுப்பகுதி ஓரத்தைவிட 34 சென்டிமீட்டர் உயரமாக இருக்க வேண்டும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும் உயரம், கண்ணுக்கு அது சமதளமாகத்தான் தெரியும். ஓரத்தில் வடிகால், அந்த வடிகால் தெருவின் மழைநீர் வடிகாலைவிட மேலே. வட சென்னையின் நீர் கடைசியில் ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலையாறு என்று போய்த்தான் கடலைச் சேர வேண்டும். கடல்மட்டம் ஏறியிருக்கும் நேரத்தில் அவையே வடியாமல் தேங்கி நிற்கும். ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுதவியோடு கொசஸ்தலையாற்றுப் படுகையில் போடப்பட்ட மழைநீர் வடிகால்கள் தெருக்களுக்காகப் போட்டவை. மைதானத்தை அவற்றோடு இணைக்கும் வேலையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

கடலோர மணல் பட்டையில் கதையே தலைகீழ். தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ மணல் தரையில் நீர் நிற்பது அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை, தானாக இறங்கிவிடும். சத்தும் அதோடு இறங்கிவிடும். அங்கே உப்புதான் எதிரி. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்தது பல பத்தாண்டுகளுக்கு முன்பே பதிவானது. கடலோர போர்வெல் நீரைக் கோடை முழுக்கப் பாய்ச்சினால் வேர்ப்பகுதியில் உப்பு சேரும். அருகு உப்பை ஓரளவு தாங்கும், அதைவிட அதிகம் தாங்குவது சீஷோர் பாஸ்பாலம் என்ற புல். கடலோரக் கோல்ஃப் மைதானங்கள் பல அதற்கு மாறியிருக்கின்றன. இந்தப் பட்டைக்குப் பருவமழை வில்லன் இல்லை, வைத்தியர். சேர்ந்த உப்பைக் கழுவித் தள்ளுவது அதுதான். இங்கே மழைக்கு முன் செய்ய வேண்டிய வேலை மழையை உள்ளே விடுவது: தாட்ச் படலத்தைக் கீறி எடுப்பது, மேல்தோல் இறுகியிருந்தால் துளைப்பது. உப்புநீர் பாய்ந்து களிமண் கலந்த இடங்களில் ஜிப்சம் போட்டால் அதிலுள்ள கால்சியம் மண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தை விலக்கும். அப்புறம் வரும் மழை அதை அடித்துக்கொண்டு போகும். பொட்டாஷ் வாங்கும்போதும் குளோரைடு கலந்த மியூரியேட்டை விட்டுவிட்டு சல்பேட் வகையை வாங்குவது நல்லது. விலை கூடத்தான்.

எண்ணூர்ப் பக்கத்துக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் கலந்து வீடு, படகு, செடி எல்லாவற்றிலும் படிந்தது நினைவிருக்கும். அப்படி எண்ணெய் படிந்த மேல்மண்ணுக்கு மணலும் உரமும் பதில் சொல்லாது. சுரண்டி எடுத்து முறையாக அகற்றுவதுதான் வழி.

எப்போது செய்வது

புல் வளர்ந்துகொண்டிருக்கும்போதே, கெட்ட பருவத்துக்கு முன் ஆற நேரம் விட்டு. இதுதான் விதி என்றால் நம் காலண்டர் தானாக அமைந்துவிடும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். துளை மூட மூன்று வாரம், அதற்கு மேல் புல் தெம்பாக இரண்டு வாரம். அப்படியானால் செப்டம்பர் பாதிக்குள் முடித்தாக வேண்டும். என்னைக் கேட்டால் ஆடி கடைசியிலேயே தொடங்கிவிடுவேன். செப்டம்பரில் மாலை இடிமழை வேறு வரும். 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தி.மு.க. தொடக்கக் கூட்டம் கொட்டும் மழையில்தான் நடந்தது. ஆனால் அந்த மழை அருகுக்கு விருந்து. மாலையில் நனைந்து மறுநாள் காலை சுள்ளென்று வெயில் அடித்தால் ஓடுதண்டு கண்ணெதிரே நீளும். ஆகஸ்டும் செப்டம்பரும்தான் நமக்குக் கோல்ஃப்காரர்களின் இலையுதிர்காலம்.

ஆகஸ்டில் துளைத்து, மணல் போட்டு, தழைச்சத்து தரலாம். அருகு நன்றாக வளரும் மாதத்தில் 100 சதுர மீட்டருக்கு அரை கிலோ தழைச்சத்து என்பது வழக்கமான மேல்வரம்பு. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்பதால், யூரியாவாகப் போட்டால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அதையும் இரண்டாகப் பிரித்துப் போடுவது நல்லது. செப்டம்பர் பாதிக்கு மேல் யூரியாவை நிறுத்திவிட்டுச் சாம்பல் சத்து மட்டும். மழைக்குள் போட்ட யூரியா பாதி வடிகாலுக்குப் போகும், மீதி புல்லை மென்மையாக வளர்த்துப் பூஞ்சைக்குத் தீனியாக்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்த நாட்களில் பித்தியம் போன்ற நோய்கள் ஒரே இரவில் திட்டுத்திட்டாகப் பரவும். நம் ஊருக்கு ஸ்னோ மோல்ட் வராது, அதன் வேலையை இவை செய்யும்.

வெட்டும் உயரத்தை அக்டோபர் வாக்கில் 25 மில்லிமீட்டரிலிருந்து 35க்கு ஏற்றலாம். மூடிய வானத்தின் கீழ் கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்க இலை வேண்டும். மழை விட்ட பிறகு முழங்கால் உயரம் வளர்ந்திருக்கும் புல்லை ஒரே வெட்டில் ஒட்ட அடிப்பது பெரிய தப்பு. ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது.

இப்போது நடைமுறைக்கு வருவோம். வட சென்னையில் கிரவுண்டு சீரமைப்பு என்ற பெயரில் நான் அதிகம் பார்த்தது இதற்கு நேர் எதிரானது. மழைக்குச் சில வாரம் முன்னால் லாரியில் செம்மண் வரும், பள்ளத்தில் கொட்டிப் பரப்புவார்கள், கிரிக்கெட் பிட்ச்சுக்கான கனமான ரோலரை மைதானம் முழுக்க ஓட்டுவார்கள். பார்க்க அழகாகச் சமமாக இருக்கும், படமும் எடுத்துக்கொள்ளலாம். பிட்ச் என்ற 20 மீட்டர் பட்டைக்குத்தான் இறுக்கம் தேவை, மீதி மைதானத்துக்கு அது விஷம். புதிய செம்மண் பழைய மண்ணின் மேல் தனி அடுக்காக உட்காரும். ஒரு அடுக்கிலிருந்து வேறு நயமுள்ள அடுக்குக்குள் நீர் சுலபமாகப் போகாது, எல்லையில் தேங்கும். வேரும் அங்கேயே நின்றுவிடும். முதல் கனமழையில் அந்தச் செம்மண் கரைந்து ஓரத்து வடிகாலை அடைத்துவிடும். அக்டோபரில் விரிக்கும் நர்சரி புல் பாய்களின் கதியும் இதுதான். அவற்றை நர்சரியிலேயே வேறு மண்ணில் வளர்த்திருப்பார்கள். வேர் கீழே இறங்குவதற்குள் மழை வந்துவிடும், பாய் வழுக்கிக்கொண்டு வரும். செலவு குறைவென்றுகூடச் சொல்ல முடியாது. அந்தச் செம்மண் காசில் 13 யூனிட் மணலுக்குப் பெரும்பகுதி வந்துவிடும் என்பது என் கணிப்பு.

செயற்கைப் புல் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்று ஒரு வாதம் உண்டு. மழைக்கு அது நல்ல பதில்தான், அடியில் வடிகால் அடுக்கு ஒழுங்காக இருந்தால். ஆனால் வெயில் நேரத்தில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் அதிகமுள்ள பகுதியில் சித்திரை மதியத்தை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

கோல்ஃப்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கஷ்டமான பாடம் ஒன்றுதான், தரையை மூடி வைப்பது. அவர்களுக்கு அது சுலபம். 18 குழி மைதானம் என்றால் 50 ஹெக்டேர் இருக்கும், ஒரு நாளில் வருபவர்கள் சில நூறு பேர், உறைபனி காலையில் கிளப்ஹவுஸில் காபி குடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். நம் கிரவுண்டு முக்கால் ஹெக்டேர்கூட இராது. காலையில் ஒரு கோச்சிங், மாலையில் நாலு டீம், நடுவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மழை விட்டதும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த அத்தனை பேரும் பந்தோடு வந்துவிடுவார்கள். அவர்களைக் கேட்டைப் பூட்டி வெளியே நிறுத்துவதை நான் ஆதரிக்க மாட்டேன். விளையாடத்தான் மைதானம். ஆனால் நீர் கண்ணுக்குத் தெரிய நிற்கும் நாளிலும் அதற்கு அடுத்த நாளிலும் மட்டும் பயிற்சியை ஓரப் பட்டைக்கு மாற்றலாம். நகர்த்தக்கூடிய சின்ன கோல் போஸ்ட்டுகள் இருந்தால் பயிற்சிக் கோலை வாராவாரம் இடம் மாற்றலாம், ஒரே இடத்தில் மிதி விழாது. ஈரமான தரையில் ரோலரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இறக்கக் கூடாது.

மார்கழி முடிந்து வெயில் திரும்பும்போது இரண்டாவது வாய்ப்பு வரும். வெள்ளம் கொண்டுவந்த வண்டலை மேலே காயவிட்டுச் சுரண்டி எடுக்க வேண்டும், மண்ணோடு சேர்த்து உழக் கூடாது. மண்புழு தள்ளிய சிறு குவியல்களைக் காய்ந்த பிறகு துடைப்பத்தால் கலைத்துவிட்டால் போதும், மருந்தெல்லாம் வேண்டாம், அந்தப் புழுக்கள் நமக்காக இலவசமாகத் துளைபோடுகின்றன. அப்புறம் வழுக்கை விழுந்த இடங்களில் மறுபடி துளை, மணல், ஓரத்தில் நன்றாக வளர்ந்த இடத்திலிருந்தே வெட்டிய அருகுத் தண்டு, அளவான யூரியா, பதினைந்து நாள் ஓய்வு. அந்தப் பதினைந்து நாளைத் தை மாதத்தில் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். பொங்கல் டோர்னமென்ட் முடிந்ததும் அடுத்த டோர்னமென்ட்டுக்கு நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள். கமிட்டிக்காரர்கள் இரண்டு போட்டிகளுக்கு நடுவே இரண்டு வாரம் இடைவெளி விட்டால் பைனல் ஆடும் தரையில் புல் இருக்கும்.